பாட்டு எப்போது ஆரம்பிக்கும்? டெக் ஹவுஸ் செட் குறித்து ஓர் இழை

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9

லண்டனில் இருக்கும் தம்பி மூன்று மணி நேர டிஜே செட் ஒன்றை அனுப்பி, "அண்ணா, இதை முழுசாக் கேளு" என்றான். டீப், ஹிப்னாட்டிக் டெக் ஹவுஸ் என்று தலைப்பு. இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டேன். டும் டும் டும், நடுவில் சிக் சிக். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டால் சிரிக்கிறான். இதில் அப்படி என்னதான் இருக்கிறது? கேலிக்குக் கேட்கவில்லை. இதற்குக் காசு கொடுத்து விடிய விடிய நிற்கிறார்களாமே?

பிப்ரவரி 9, இரவு

ஆரம்பிக்காது. இதை முதலிலேயே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

டெக் ஹவுஸ் என்பது ஹவுஸும் டெக்னோவும் கலந்த கிளப் நடன இசை. செட் என்பது டிஜே ஒருவர் ரெக்கார்டுகளை இடைவிடாமல் ஒட்டவைத்துப் போடுவது. நீங்கள் கேட்ட இருபது நிமிடத்தில் குறைந்தது மூன்று ரெக்கார்டுகள் ஓடியிருக்கும். ஒவ்வொன்றும் ஆறு முதல் ஒன்பது நிமிட நீளம். முதல் ஒரு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் பெரும்பாலும் வெறும் தாளம்தான். இன்னொரு ரெக்கார்டோடு ஒட்டவைப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். தனியாக எடுத்துக் கேட்டால் பாதி ட்ராக்குகள் அரைகுறையாக இருக்கும். இரண்டு அரைகுறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும்போதுதான் மூன்றாவதாக ஒன்று உருவாகிறது. கேட்க வேண்டியது அதை. நீங்கள் ஒட்டு முடிந்து பாட்டு வரும் என்று காத்திருந்திருக்கிறீர்கள்.

எதில் கேட்டீர்கள்?

பிப்ரவரி 10

லேப்டாப்பிலாம். சரிதான்.

கிக் டிரம்மின், அதாவது அந்த டும் டும்மின், அடி ஒலி சுமார் 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. பேஸ் வரி, அதாவது தாழ்ந்த சுருதியில் ஓடும் மெட்டு, அதையொட்டி. லேப்டாப், செல்போன் ஸ்பீக்கர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. இந்த இசையில் கதை நடக்கும் இடம் அந்தக் கீழ்த்தளம். மேலே இருப்பது ஹை-ஹேட் (ஜால்ரா போன்ற ஒலி), கைதட்டல், அங்கங்கே ஒரு குரல் துண்டு. கீழ்த்தளத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீங்கள் சொன்ன சிக் சிக்தான். தம்பி மேல் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை.

இன்னொன்று. நல்ல ஸ்பீக்கர் இருந்தாலும் சத்தத்தைக் குறைத்து வைத்தால் இது செத்துவிடும். குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாக எட்டாது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து கோடு போட்டே காட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து கேட்கும் டெக் ஹவுஸில் பேஸ் பாதி காணாமல் போவது அதனால்தான்.

லண்டனில் ஃபேப்ரிக் என்று ஒரு கிளப். 1999 அக்டோபரில் திறந்தார்கள். ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்கு எதிரே, பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில். அதன் பெரிய அறையில் டான்ஸ் ஃப்ளோருக்கு அடியிலேயே நூற்றுக்கணக்கான அதிர்வுக் கருவிகளைப் பதித்திருக்கிறார்கள். பேஸ் தரையிலிருந்து காலுக்குள் ஏறும். காதுக்கு வருவது அப்புறம். முதல் தடவை அங்கே நின்றபோது என் சட்டைப் பையில் இருந்த சில்லறை தனியாகத் தாளம் போட்டது.

பிப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

ஹெட்ஃபோன் போதுமா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். போதும், ஆரம்பிக்கப் போதும். பாத்திரம் தேய்க்கும்போது எல்லாம் வேண்டாம். நடந்துகொண்டே கேளுங்கள். உட்கார்ந்து கேட்பது வீண்.

பிப்ரவரி 12

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவதால் விட்டு விட்டு வரும்.

ஒரு கணக்கு. டெக் ஹவுஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 125 அடிகளை ஒட்டி ஓடும். அப்படியானால் ஓர் அடிக்கு 0.48 விநாடி. நான்கு அடி ஒரு பார், கிட்டத்தட்ட 2 விநாடி. பதினாறு பார் சேர்ந்தால் அரை நிமிடம். ட்ராக்கில் எது வந்தாலும் போனாலும் பெரும்பாலும் இந்த எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார் எல்லைகளில்தான் நடக்கும். யாரும் எண்ணுவதில்லை. ஆனால் அரை மணி நேரம் ஆடினால் உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது. அடுத்த எல்லை எப்போது என்று முதுகுத்தண்டுக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்ட பிறகுதான் டிஜேவுக்கு வேலை ஆரம்பிக்கிறது. எல்லை வரும், எதுவும் மாறாது. அடுத்த எல்லை, மாறாது. மூன்றாவதில் ஹை-ஹேட் ஒன்று மட்டும் உள்ளே வரும். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அது ஒரு சம்பவம்.

லண்டனுக்கு வந்த புதிதில் சக ஊழியர் ஒருவர் என்னை இழுத்துப்போனார். முதல் ஒன்றரை மணி நேரம் சுவரோரம் நின்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறு வழியில்லாமல் நடுவே போனேன். ஏதோ ஒரு கட்டத்தில் டிஜே ஹை-ஹேட்டை எடுத்துவிட்டார். ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டார். கூட்டம் முழுக்கக் கத்தியது. ஒரு சிக் சிக் திரும்பி வந்ததற்கா இத்தனை கூச்சல் என்று நினைத்தேன், நினைக்கும்போதே நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

ஆக என் வாதம் இதுதான்: பெரிய மாற்றங்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டால் காதின் அளவுகோல் சுருங்குகிறது. முன்பு கண்ணில் படாத ஒன்று இப்போது மலைபோல் தெரியும். மயக்கம், வசியம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும்போது எனக்கு வேறெப்போதையும்விட விழிப்பாகத்தான் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 12, மாலை

விட்ட இடத்திலிருந்து.

மாறாமல் இருப்பதாகத் தோன்றும் இடத்திலும் உள்ளே ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். பாரைப் பதினாறாகப் பிரித்தால், அதன்மேல் ஐந்து எண்ணிக்கையில் சுழலும் ஒரு சிறு ஒலியைப் போடுவார்கள். ஒவ்வொரு சுற்றும் கிக்கின் வேறோர் இடத்தில் விழும். ஐந்து பார் கழித்து, அதாவது 9.6 விநாடியில், மறுபடி முதல் அடியில் வந்து நிற்கும். மூன்று எண்ணிக்கை என்றால் மூன்று பார்.

மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. சதுஸ்ரத்தின் (நான்கு) மேல் கண்டம் (ஐந்து) ஓட்டுவதுதான். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் முடிவுக் கோர்வை வைத்தால் அது சமத்திலோ (தாளத்தின் முதல் அடி) பாட்டின் எடுப்பிலோ வந்து இறங்கியே ஆகும், சபை அதற்காகவே காத்திருக்கும், இறங்கியதும் கைதட்டும். இங்கே இறங்கும் இடத்தை யாரும் கொண்டாடுவதில்லை. முதல் அடியில் வந்து சேர்கிறது, நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறது. மணிக்கணக்கில். வந்து சேர்வதன் நிம்மதியை மறுத்துக்கொண்டே இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று இல்லை.

பிப்ரவரி 13

மிருதங்கம் வாசிப்பவர் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். இருபது வருட சாதகத்தையும் கம்ப்யூட்டர் லூப்பையும் ஒரே வரியில் வைக்கலாமா என்று.

உழைப்பை நான் ஒப்பிடவில்லை. எண்ணிக்கையை ஒப்பிட்டேன். ஐந்து ஐந்துதான், யார் வாசித்தாலும்.

உங்கள் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி: இயந்திரம் வாசிப்பதில் உயிர் எங்கே? கொஞ்சம் இயந்திரத்திலேயே இருக்கிறது. ரோலண்ட் டிஆர்-909 என்ற டிரம் மெஷின் 1983இல் வந்தது. விற்கவில்லை, சீக்கிரமே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பின்னால் இரண்டாம் கையாக மலிந்த விலைக்கு வாங்கியவர்கள்தான் ஹவுஸ், டெக்னோ செய்தார்கள். அதில் ஷஃபிள் என்று ஒரு வசதி உண்டு. பதினாறில் இரட்டைப்படை அடிகளைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தாமதம் ரொம்பச் சிறியதுதான். ஆனால் அதைக் கூட்டினால் ஒரே தாளம் இடுப்பை அசைக்கும், குறைத்தால் படை அணிவகுப்பாகிவிடும். மிச்ச உயிர் அவற்றைச் சேர்க்கும் கையில். அதைத் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 15

இது எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக.

ஹவுஸ் சிகாகோவில் பிறந்தது, டெக்னோ டெட்ராய்ட்டில். இரண்டையும் ஒரே இரவில் கலந்து போட்டவர்கள் 1990களின் லண்டன்காரர்கள். ஹவுஸின் குழைவு வேண்டும், ஆனால் அந்தக் கோஷ்டிப் பாட்டும் பியானோவும் வேண்டாம். டெக்னோவின் ஒலி வேண்டும், அந்த வேகம் வேண்டாம். எடி ரிச்சர்ட்ஸ், டெர்ரி ஃபிரான்சிஸ், நேதன் கோல்ஸ் சேர்ந்து நடத்திய விகிள் என்ற நடன இரவுகள் இதற்கு ஒரு களம். மிஸ்டர் சி இன்னொருவர். தி ஷேமன் குழுவில் பாடிப் புகழ்பெற்றவர். அவரும் லேயோ பாஸ்கினும் 1995இல் மத்திய லண்டனில் தி எண்ட் என்ற கிளப்பைத் திறந்தார்கள். அங்கே டிஜே மேடை உயரத்தில் இல்லை, கூட்டத்துக்கு நடுவே தீவுபோல இருந்தது. 2009 ஜனவரியில் மூடிவிட்டார்கள். நான் போனதில்லை, வருத்தம்தான்.

க்ராய்டனில் ஸ்வாக் என்ற ரெக்கார்டு கடை இந்த ஆட்களுக்கெல்லாம் கூடுமிடமாக இருந்தது. க்ராய்டன் என்றால் நம்மவர்களுக்குத் தமிழ்க் கடையும் கோழி ரோலும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஃபேப்ரிக் திறந்தபோது ரெசிடென்ட் (அந்தக் கிளப்பின் நிரந்தர) டிஜேக்கள் கிரெய்க் ரிச்சர்ட்ஸும் டெர்ரி ஃபிரான்சிஸும். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும், போனாலும், சனிக்கிழமையின் குணம் இவர்கள் கையில் இருந்தது. 2001இல் அந்தக் கிளப் வெளியிட ஆரம்பித்த சிடி வரிசையின் முதல் சிடி கிரெய்க் ரிச்சர்ட்ஸுடையது. தகர டப்பாவில் வந்தது. பழைய கடைகளில் கண்ணில் பட்டால் வாங்குங்கள்.

பிப்ரவரி 16

"டெக் ஹவுஸ்னா ஏறிட்டே போய் டமால்னு விழுமே, கூட ஒரு பொம்பளைக் குரல் ஒரே வார்த்தையைச் சொல்லுமே, இன்ஸ்டாவில் வருமே, அது நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர்.

அது வேறு. பெயர் மட்டும் ஒன்று. 2010களின் பிற்பகுதியில் பெரிய விழா மேடைகள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. அங்கே டிஜேவுக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்தான் தருவார்கள். அடுத்தவர் காத்திருப்பார். ஆயிரக்கணக்கானவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். அந்த நேரத்துக்குள் காதின் அளவுகோல் சுருங்க வழியில்லை. ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கிறது, இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

இந்த இழையில் பேசுவது நான்கு, ஆறு, எட்டு மணி நேரம் ஒருவரே வாசிக்கும் செட்டை. ஆறு மணி நேரம் என்றால் 45,000 கிக். நேரம் இருந்தால் மட்டும்தான் இந்த வித்தை பலிக்கும்.

பிப்ரவரி 18

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. "மாத்திரை போட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்."

போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. 2016இல் ஃபேப்ரிக்குக்கு வந்த பதினெட்டு வயதுப் பையன்கள் இருவர் போதைப்பொருளால் இறந்தார்கள். செப்டம்பரில் இஸ்லிங்டன் நகராட்சி உரிமத்தை ரத்து செய்தது. பெரிய போராட்டம், வழக்கு நிதி எல்லாம் நடந்து, நவம்பரில் கடும் நிபந்தனைகளோடு உடன்பாடு வந்து, 2017 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். வார இறுதியில் பத்தொன்பது வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, நுழைவாயிலில் அடையாள அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பவை அப்போதைய நிபந்தனைகள்.

என்னைப் பொறுத்தவரை வீட்டுக்குத் தெரியாத பழக்கம் எதுவும் இல்லை. தண்ணீர், எப்போதாவது ஒரு பியர். மேலே நான் எழுதிய எல்லாம் அந்த நிலையில் கேட்டதுதான். மாத்திரை போட்டால்தான் பிடிக்கும் என்றால், மறுநாள் செவ்வாய்க்கிழமை ரயிலில் போகும்போது அதே செட்டை ஏன் தேடிப் போட்டுக் கேட்கப் போகிறேன்?

ஒரு திருத்தம்: செவ்வாய்க்கிழமை மறுநாள் ஆகாது. ஞாயிறு விடிந்து திங்கள் முழுக்கத் தூங்குகிற ஆள் சொல்கிற கணக்கு அது.

பிப்ரவரி 19

கை விஷயம். வாக்களித்தபடி.

இரண்டு டர்ன்டேபிள், நடுவில் மிக்ஸர். டெக்னிக்ஸ் 1200 வகையில் பக்கவாட்டில் ஒரு நழுவு குமிழ், வேகத்தை எட்டு சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு ரெக்கார்டு 125.0இல் ஓடுகிறது, இன்னொன்று 125.1இல் என்று வையுங்கள். கேட்கும்போது சமமாகத்தான் தோன்றும். ஒரே நிமிடத்தில் 48 மில்லிவிநாடி விலகிவிடும். இரண்டு கிக்கும் ஒன்றாக விழாமல் "டக்-கும்" என்று இரட்டையாகக் கேட்கும். அறை முழுக்க அதை உணரும், காரணம் தெரியாமலேயே முகம் சுளிக்கும். ஆகவே விரல் ரெக்கார்டின் ஓரத்தில் ஓயாமல் இருக்கும். ஒரு தட்டு, ஒரு இழுப்பு.

இதில் இன்னொரு சிக்கல், ஒலியின் வேகம். பதினைந்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் பெரிய ஸ்பீக்கரிலிருந்து ஒலி டிஜேவிடம் வந்துசேர 44 மில்லிவிநாடி ஆகிறது. அதை நம்பி ரெக்கார்டைச் சேர்த்தால் ஒவ்வொரு தரமும் பிசகும். அதனால்தான் மேடையிலேயே பக்கத்தில் தனி மானிட்டர் ஸ்பீக்கர்.

இப்போது பெரும்பாலும் டிஜிட்டல் பிளேயர். 2012இல் பயனியர் தன் கிளப் பிளேயரிலேயே சிங்க் பொத்தானை வைத்துவிட்டது. அமுக்கினால் வேகம் தானே சேரும். அது கேவலம் என்று ஒரு கூட்டம். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை, ஏனென்றால் கடினமான பகுதி அதற்கப்புறம்தான் வருகிறது: இரண்டு ட்ராக்கின் பேஸ் ஒன்றாக ஓடினால் கூழாகிவிடும். புதியதன் பேஸை முழுக்க வெட்டிவிட்டு மேல்பகுதியை மட்டும் மெல்ல விடுவார்கள். இரண்டு, மூன்று, நான்கு நிமிடம். பழையதில் ஏதோ புதிதாக முளைத்ததுபோல் இருக்கும். அப்புறம் ஒரு எல்லையில் இரண்டு குமிழையும் ஒரே நேரத்தில் திருப்பி பேஸை மாற்றிக்கொள்வார்கள். அந்த நொடியில் உங்கள் காலுக்கடியில் வேறு ட்ராக் வந்துவிட்டது. மேலே இன்னும் பழையது ஓடுகிறது. எது எப்போது முடிந்தது என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

யூடியூபில் இந்த செட்களுக்குக் கீழே போய்ப் பாருங்கள். "43:10 ஐடி?" "1:12:30 ஐடி ப்ளீஸ்." அந்த இடத்தில் ஓடும் ட்ராக்கின் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். பதில் வரவே வராது. வந்தாலும் தப்பாக வரும். பாதி நேரம் அங்கே அப்படி ஒரு ட்ராக்கே இருக்காது, இரண்டின் கலப்பைக் கேட்டுவிட்டு ஒன்று என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 22

"எல்லாமே நுணுக்கம், எல்லாமே அளவுகோல் என்கிறீர்கள். அப்படியானால் சலிப்பூட்டும் செட் என்று ஒன்றே இல்லையா? எதைப் போட்டாலும் நமக்குத்தான் காது போதாது என்று ஆகிவிடுமே?"

இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி. சலிப்பூட்டும் செட்கள் ஏராளம். நல்லதைவிட அதுதான் அதிகம்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் செய்வது இது. பதிவில் ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் கேட்பேன். நாற்பது நிமிடம் தாண்டிப் போய் மறுபடி இரண்டு நிமிடம். நல்ல செட் என்றால் இரண்டு இடத்துக்கும் நிறம் வேறாக இருக்கும்: முதலில் பேஸ் உருண்டையாக, ஹை-ஹேட் திறந்து, வெளிச்சமாக இருந்தது, இப்போது பேஸ் வறண்டுவிட்டது, கைதட்டல் போய் மரக்கட்டை ஒலி வந்திருக்கிறது, ஒரு குரல் முனகுகிறது. அப்புறம் நடுவே இருந்த நாற்பது நிமிடத்தை முழுக்கக் கேட்டால் எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைக்க முடியாது. மோசமான செட்டில் இரண்டு இடமும் ஒன்றே. ஒட்டுகள் எல்லாம் பிசிறில்லாமல் இருக்கும். ட்ராக்குகள் எல்லாம் அந்த வாரம் வெளிவந்தவையாக இருக்கும். எங்கேயும் போயிருக்க மாட்டார்கள்.

ஊர் பேர் வேண்டாம், சமீபத்தில் ஒரு கிளப்பில் நான்கு மணி நேரம் அப்படி நின்றேன். பிழை என்று எதையும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 23

நேற்றைய நாற்பது நிமிடச் சோதனையை ஒருவர் ரிக்கார்டோ வில்லலோபோஸ் என்ற டிஜேயின் செட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஃபெயில்" என்று எழுதியிருக்கிறார். இரண்டு இடமும் ஒரே மாதிரி இருக்கிறதாம்.

நானும் அவர் சொன்ன பதிவை எடுத்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த செட் அற்புதம். ஆக சோதனை எல்லோருக்கும் பொருந்தாது.

வில்லலோபோஸ் சிலியில் 1970இல் பிறந்தவர். 1973இல் ராணுவத் தளபதி பினோசெட் அங்கே ஆட்சியைப் பிடித்தபோது குடும்பம் ஜெர்மனிக்குப் போய்விட்டது. கையில் எப்போதும் தென்னமெரிக்கத் தாள வாத்தியங்களின் ஞாபகம் இருப்பதுபோல் வாசிப்பார். 2006இல் 37 நிமிட நீளத்தில் ஒரே ட்ராக் வெளியிட்டார், பால்கன் பித்தளை வாத்தியக் குழுவின் ஊதல் ஒன்று அதில் வந்து வந்து போகும். அடுத்த ஆண்டு ஃபேப்ரிக் சிடி வரிசையில் 36ஆவதைச் செய்யச் சொன்னால், மற்றவர்களின் ட்ராக் ஒன்றுகூட இல்லாமல் தன் சொந்தச் சரக்கை மட்டும் வைத்தே முழு மிக்ஸையும் முடித்துவிட்டார்.

அவரிடம் பயணம் என்று எதுவும் இருக்காது. ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி வருவார். ஆனால் அந்த இடத்துக்குள் நெருக்கம் அதிகம்: ஐந்தாறு சிறு ஒலிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டிருக்கும், ஒரு நேரத்தில் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. ஒன்றைப் பின்தொடர்ந்தால் மற்றது நழுவும். இருபது நிமிடம் கழித்து அதே லூப்பில் நீங்கள் வேறொன்றைப் பின்தொடர்ந்துகொண்டிருப்பீர்கள். அவர் நகரவில்லை, நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள்.

ருமேனியர்கள் இதை இன்னும் நீட்டினார்கள். ராடூ, ரரேஷ், பெத்ரே இன்ஸ்பிரெஸ்கு மூவரும் 2007இல் இசை வெளியிடும் லேபிள் ஒன்றை ஆரம்பித்தார்கள். கருங்கடல் ஓரம் மமையாவில் சன்வேவ்ஸ் என்று விழா நடக்கிறது. இரவு, பகல், மறு இரவு என்று போய்க்கொண்டே இருக்கும். அங்கே போக எனக்குத் தைரியமும் முதுகும் போதாது.

பிப்ரவரி 25

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார்! ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாராம். ஏதோ ஓர் ஆங்கிலப் பேச்சுத் துண்டு சும்மா பேச்சாக ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் பாட்டாக மாறிவிட்டதாம். "இதுதான் ஆரம்பிக்கும் இடமா?" என்று கேட்கிறார்.

அதற்கு டிஜே எதுவும் செய்திருக்க மாட்டார். உங்கள் மூளை செய்தது. டயானா டாய்ட்ச் என்ற இசை உளவியலாளர் 1995இல் தன் சொந்தப் பேச்சின் பதிவைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு சொற்றொடர் லூப்பில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ பாடுவதுபோல் கேட்டது. பதிவில் ஒரு மாற்றமும் இல்லை. பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் காது அர்த்தத்தை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. தமிழிலும் நடக்கும். அம்மா அனுப்பிய குரல் செய்தியில் "சாப்பிட்டியா" என்பதை மட்டும் வெட்டி லூப்பில் போட்டுப் பார்த்தேன். பத்துப் பதினைந்து தரத்தில் ராகம் வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு வேற வேலை இல்லையாடா" என்றார்.

மார்ச் 1

சில நாளாக ஒரு யோசனை. பன்னிரண்டாம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். காது, அளவுகோல், விழிப்பு என்று எல்லாவற்றையும் தலைக்குள் நடப்பதாக எழுதியிருக்கிறேன். அது பாதிதான் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்ஃபோனில், நான் நேரில் கேட்ட ஒரு செட்டின் பதிவையே போட்டேன். ஒலி குறையில்லை. நுணுக்கம் எல்லாம் காதில் விழுந்தது, சொல்லப்போனால் கிளப்பைவிடத் தெளிவாக. ஆனாலும் அந்த ஹை-ஹேட் இடம் வந்தபோது எனக்குக் கத்தத் தோன்றவில்லை. "ஓ, நன்றாகச் செய்திருக்கிறார்" என்று தோன்றியது. அதுவும் இதுவும் ஒன்றா?

நேரில், முன்னே நிற்பவரின் தோள் என்னைவிட அரை நொடி முன்னால் தயாராகிறது. அவருக்கும் எல்லை தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிகிறது. நூறு பேரும் ஒரே எல்லையை எதிர்பார்க்கிறார்கள், டிஜே தரவில்லை, நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் ஏமாற்றம். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஏமாறுவது ஒரு நெருக்கம். பெரிய டிராப் (ஏற்றிக்கொண்டே போய் டமாலென்று விழவிடும் இடம்) வைத்தாலும் கூட்டம் சேர்ந்து குதிக்கும், ஆனால் அங்கே எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிப்பு கிடைத்துவிடுகிறது. இங்கே அறிவிப்பு இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே "பெரிய மாற்றங்களை அப்புறப்படுத்தினால் சிறியவை பெரிதாகும்" என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப் பெரிதாகத் தெரிபவற்றில் பக்கத்தில் நிற்கும் மனிதர்களும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறேன். மணிக்கணக்கில் ஒரே கூட்டத்தில் நின்றால் சிவப்புத் தொப்பிக்காரர், கண்ணை மூடிக்கொண்டே ஆடும் நரைத்த தலைப் பெண்மணி எல்லோரும் பழகிவிடுகிறார்கள். பேரும் தெரியாது. ஒருவர் வீட்டுக்குக் கிளம்பினால் இடம் காலியாகத் தெரிகிறது.

மார்ச் 2

அறிவிப்பு இல்லை என்று நான் எழுதியது மிகை என்கிறார் ஒருவர்; பேஸை வெட்டினாலே அது அறிவிப்புதானே என்று. ஆமாம். ஆனால் நல்ல டிஜே வெட்டிவிட்டு எப்போது திருப்பித் தருவார் என்று சொல்ல மாட்டார். எட்டு பாரில் வரும் என்று நினைப்போம், பன்னிரண்டில் வரும். ஒன்பதில் வந்தால் அடிதடி.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் ஏப்ரலில் தம்பியைப் பார்க்க லண்டன் வருகிறாராம், ஃபேப்ரிக்குக்குப் போகலாமா என்கிறார். போங்கள். சில விஷயங்கள் மட்டும்.

திறந்த உடனே போங்கள். நள்ளிரவுக்கு மேல் போனால் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போகும், அதைவிட முக்கியம், ஆரம்ப டிஜே காலி அறையில் மெல்ல மெல்ல கட்டுவதைப் பார்க்க மாட்டீர்கள். எனக்கு அதுதான் சில சமயம் இரவின் சிறந்த பகுதி. பாஸ்போர்ட் அல்லது ஒரிஜினல் அடையாள அட்டை வேண்டும், செல்போனில் இருக்கும் படத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், பஞ்சு வேண்டாம், அது மேல் ஒலியைத்தான் அதிகம் தின்றுவிடும், இசைக்காகச் செய்தவை எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். ஸ்பீக்கருக்கு நேர் முன்னே நிற்காதீர்கள், அறையின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். போவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள், உள்ளே ஒன்றும் கிடைக்காது. வெளியே வரும்போது எதிரே இறைச்சிச் சந்தை, சைவம் என்றால் இடது பக்கமாகத் திரும்பி வேகமாக நடந்துவிடுங்கள்.

தம்பியிடம் எந்த அறை என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் போன் எடுக்காது.